பொத்தானை விட்டதும் அமைதி காக்கவும்

ஒரே சமையலறையில் இரண்டு பெண்கள் எட்டு மாதம் ஒரு வார்த்தை பேசாமல் இருக்க முடியுமா என்று யாராவது கேட்டால், சின்னவள் இப்போதும் சிரிப்பாள். "ஏன் முடியாது? பாத்திரம் பேசிக்கும்" என்பாள். பெரியவள் கரண்டியை நங்கென்று வைத்தால் உன் பால் பொங்குகிறது, வந்து பார் என்று அர்த்தம். சின்னவள் குழாயைக் கிறீச்சென்று இறுக்கினால் தண்ணீர் நிற்கப் போகிறது, பிடித்து வைத்துக்கொள் என்று அர்த்தம். அப்படியே ஒரு மழைக்காலம் போய், பனி போய், வெயிலும் வந்துவிட்டது.

அண்ணனும் தம்பியும் கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்திருந்த வீடு அது. அண்ணன் அச்சகத்தில் பிழை திருத்துபவர். தெருவில் அவருக்குப் புரூஃப்காரர் என்றுதான் பெயர். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களிடம் வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால், "மூணாவது வரியில 'ப்' விட்டுப்போச்சு" என்று பத்திரிகையைத் திருப்பி நீட்டுவார். தம்பி பஸ் கண்டக்டர். அண்ணன் பெண்டாட்டி பெரியவள் பிஸ்கட் போட்டாள். தம்பி பெண்டாட்டி சின்னவள் பள்ளிக்கூடச் சீருடை தைத்தாள்.

பெரியவள் பிஸ்கட்டுக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை, இவ்வளவுதான். வலது உள்ளங்கையில் வைத்து ஒரு உருட்டு, தட்டில் வைத்துப் பெருவிரலால் நடுவில் ஒரு அழுத்து. ஒவ்வொன்றிலும் நகத்தின் கீழ்ப்பாதி அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கும். வாரத்துக்கு மூன்று நாள், ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைக்கு இரண்டு பெரிய தகர டப்பா நிறையப் போகும். உள்ளே யாரையோ படுக்க வைத்துவிட்டு, பசியும் தெரியாமல் நேரமும் தெரியாமல் வெளியே உட்கார்ந்திருக்கிற ஜனங்கள்தான் அதைத் தின்றார்கள். "சோறு இறங்காதவனுக்குக்கூட இது இறங்குதுக்கா" என்று டீக்கடைக்காரர் ஒருமுறை சொன்னதை, பெரியவள் கவர்னர் கையால் பதக்கம் வாங்கியவள் மாதிரி பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சண்டை வந்தது ஒரு நூலால். சமையலறை ஜன்னலடியில் வெளிச்சம் நன்றாக வரும் என்று சின்னவளின் தையல் மெஷின் அங்கேதான் கிடந்தது. ஒருநாள் ஒரு பிஸ்கட்டுக்குள்ளிருந்து விரல் நீளத்துக்கு ஒரு நீல நூல் வந்தது. டப்பா கொண்டுபோன பெரியவளிடம் டீக்கடைக்காரர் அதைத் தாளில் மடித்துக் கொடுத்தார். திரும்பி வந்தவள் வீட்டுப் படி ஏறவில்லை. வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"நீலச் சீருடை தைக்கிறது இந்த வீட்ல நானா? கண்ணை எங்கடி வெச்சுட்டுத் தைக்கிற? என் பேரைக் கெடுக்கணும்னே உக்காந்திருக்கியா?"

சின்னவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து வைத்தாள். அன்று மாலையே புருஷனோடு சேர்ந்து மெஷினைத் தூக்கிப் பின்கட்டு நடையில் போட்டாள். அங்கே பகலிலும் விளக்குப் போட்டால்தான் ஊசிக்காது தெரியும். அன்றோடு பேச்சு அற்றது.

பிறகு, வெயில் உச்சத்துக்கு வந்த ஒரு வாரத்தில், பெரியவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. முழங்கை வரை மாவுக்கட்டு, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார்கள். டீக்கடையில் ஜாடி காலியானது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு டீக்கடைக்காரர் சொல்லியனுப்பினார். "திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். அப்புறம் கம்பெனி பாக்கெட்டை அடுக்கிடறேன். அக்கா தப்பா நெனைக்கக் கூடாது."

பெரியவள் தப்பாக நினைக்கவில்லை. நினைக்கவே தெம்பில்லாதவள் மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. சண்டையில் இருந்தபோதுகூட இல்லாத ஒரு அமைதி வீட்டில் வந்து உட்கார்ந்தது. அதுதான் சின்னவளுக்குப் பொறுக்கவில்லை.

வெளியூரில் வேலையில் இருந்த பெரியவள் மகன், சனிக்கிழமை ஒரு பார்சல் அனுப்பினான். பிரித்தால் துப்பாக்கி மாதிரி ஒரு சாமான். பிடியில் ஒரு பொத்தான், முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு குழல், குழல் வாயில் மாட்ட வட்ட வட்டமாகத் தகட்டு அச்சுகள்: பூ, இலை, நட்சத்திரம். பாட்டரியில் ஓடும் பிஸ்கட் பிழியும் மெஷின். குழலுக்குள் மாவை அடைத்து, தட்டின் மேல் நிறுத்தி, பொத்தானை அமுக்கினால் உள்ளே இருக்கிற தண்டு மாவைத் தள்ளும். அச்சு வழியாகப் பூ விழும். "உருட்டவே வேணாம்மா. இடது கை போதும்" என்று மகன் போனில் சொன்னான்.

ஞாயிறு காலை கண்டக்டர் டியூட்டிக்குப் போவதற்கு முன் பாட்டரி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். புரூஃப்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெஷினோடு வந்த விவரத்தாளை மேசையில் விரித்தார். வேற்றுமொழியிலிருந்து எவனோ எந்திரத்தைக் கொண்டு பெயர்த்த தமிழ். நாலாவது வரியிலேயே அவர் சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டார்.

பின்கட்டில் சட்டைக் காலர் வைத்துக்கொண்டிருந்த சின்னவளுக்குச் சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. கிர்ர்... கிர்... கி. நின்றது. மறுபடி கிர்ர். அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். பதினைந்து வருஷம் மோட்டாரோடு குடித்தனம் நடத்துகிறவள். எது ஓடுகிற சத்தம், எது பாரம் தாங்காமல் முனகுகிற சத்தம் என்று அவளுக்குத் தெரியாதா? மூன்றாவது தடவை லேசாகச் சூட்டு வாடையும் வந்தபோது எழுந்தே விட்டாள்.

சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டு, அடுப்புக்கு மேலிருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னாள். "அப்படியே அமுக்கிக்கிட்டு இருந்தா மோட்டார் கருகிடும்."

பெரியவள் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, புருஷனைப் பார்த்தாள். "யாரோ சொல்றாங்க. என்னன்னு கேளுங்க."

"மோட்டார் கருகிடுமாம்" என்றார் புரூஃப்காரர், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அப்ப என்ன செய்யணுமாம்?"

"மாமா, உங்க தம்பி பாட்டரி எங்கேர்ந்து எடுத்துப் போட்டார்னு கேளுங்க" என்றாள் சின்னவள்.

"கடிகாரத்துலேர்ந்து ரெண்டு, டிவி ரிமோட்லேர்ந்து ரெண்டு" என்றார் அவர். அப்போதுதான் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். கடிகாரம் எட்டேகாலில் நின்றிருந்தது.

சின்னவளே தெருக்கோடிக் கடைக்குப் போய்ப் புதுசாக நாலு பாட்டரி வாங்கி வந்தாள். பழசு நாலும் அரை உயிரும் கால் உயிருமாக இருந்தவை. போட்டதும் மெஷின் கணீரென்று ஓடியது. மாவு மட்டும் வரவில்லை. குழலைக் கழற்றி விரலால் அழுத்திப் பார்த்தாள். கல்.

"ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே போட்டாச்சா?"

"வெயில்ல வெண்ணெய் உருகிடுமேன்னு வெச்சேன்" என்றாள் பெரியவள். சொல்லிவிட்டுத்தான், நேராகப் பேசிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள். சின்னவளும் கேளாதவள் போல மாவைத் தட்டில் பரப்பினாள். கொஞ்ச நேரம் வெளியே கிடந்தது. பிசைந்தால் காது மடல் மாதிரி இளகி வந்ததும், தண்டை முழுக்கப் பின்னுக்கு இழுத்து, இடையில் காற்று நிற்காமல் குத்திக் குத்தி அடைத்து, அச்சை மாட்டி வளையத்தைத் திருகினாள்.

இந்தத் தடவை மாவு வந்தது. பூ வரவில்லை. இரண்டு இதழ் வந்தது. மூன்றாவது இதழ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. நாலாவது புழு மாதிரி நெளிந்தது. அச்சைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டையில் வேர்க்கடலைத் துண்டு சிக்கியிருந்தது.

"கடலையைப் பொடிச்சுத்தான் போடணும்."

"முடியாது." பெரியவள் குரல் பழையபடி ஏறியது. "கடிக்கிறப்ப பல்லுல கடலை மாட்டணும். பொடிச்சுப் போட்டா அது என் பிஸ்கட்டே இல்ல."

"நூல் மாட்டினா மட்டும் உங்க பிஸ்கட்டா?"

வாய் தவறித்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. புரூஃப்காரரின் பேனா நின்றது. வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

பெரியவள் மாவுக்கட்டைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அது உன் நூல் இல்ல."

"என்னது?"

"என் நீலப் புடவைத் தலைப்பு பிரிஞ்சு கெடந்தது. அன்னிக்கு சாயங்காலம் துவைக்கப் போடறப்பப் பார்த்தேன். அதே நூல்."

"அன்னிக்கு சாயங்காலமா?" சின்னவள் கையிலிருந்த அச்சைக் கீழே வைத்தாள். "அப்ப நாங்க ரெண்டு பேரும் மெஷினைத் தூக்கிட்டுப் போனோமே, அதுக்கு முந்தியா, அப்புறமா?"

"நீங்க தூக்கிக்கிட்டு இருந்தீங்க. நான் கொல்லையில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"எட்டு மாசங்க்கா! இருட்டுல உக்காந்து தைச்சு என் கண்ணு ரெண்டும் பூத்துப்போச்சு. ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"எப்படிடி சொல்றது? தெருவுல நின்னு கத்தினதை வீட்டுக்குள்ள வந்து காதோட வாபஸ் வாங்க முடியுமா? மறுபடி தெருவுல நின்னு சொல்லணும். அதுக்கு எனக்குத் தைரியம் இல்ல. நாள் போகப் போக இன்னும் இல்ல."

சின்னவள் திரும்பிப் பார்க்காமல் பின்கட்டுக்குப் போனாள். மெஷினில் உட்கார்ந்து கால் போன வேகத்தில் ஒரு சட்டைக் கையைத் தைத்தாள். உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் தைத்திருந்தாள். பிரித்தாள். மறுபடி தைத்தாள். கண்ணீர் துணியில் விழாமல் இருக்கத் தலையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டாள். அடுத்தவன் துணியாயிற்றே.

அப்போது இடிக்கிற சத்தம் கேட்டது. டொக். பிறகு நீண்ட இடைவெளி. டொக். கூடவே ஏதோ தரையில் சிதறி உருளும் சத்தம். பெரியவள் இடது கையால் கடலையை இடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் பத்து இடி வரை எண்ணினாள். பதினோராவது இடிக்குக் கையுரல் கவிழ்ந்தது.

அவள் போய், தரையில் கிடந்த கடலையைத் தள்ளிவிட்டு, புதுசாக ஒரு கை அள்ளிப் போட்டு, உலக்கையை வாங்கிக்கொண்டாள். கடலை நைசானது. சல்லடையில் சலித்து மாவில் கலந்தார்கள்.

இப்போது பூ முழுசாக வந்தது. வந்து, தட்டில் உட்காராமல் மெஷினோடே எழுந்து கிளம்பியது. வாயில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. வழித்துப் போட்டு மறுபடி வைத்தால் மறுபடி அதேதான். பத்துப் பூ, பத்தும் தொங்கல். பெரியவள், "மாவுல ஈரம் பத்தலை" என்றாள். சின்னவள், "வெண்ணெய் ஜாஸ்தி" என்றாள். இரண்டும் செய்து பார்த்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வெயில் ஓட்டில் நின்று உறுமியது. இருவர் முகத்திலும் மாவும் வியர்வையும்.

"இத்தனை நேரமா அந்தத் தாளைப் படிக்கிறீங்களே, அதுல ஒண்ணும் போடலியா?" என்று பெரியவள் புருஷன் மேல் பாய்ந்தாள்.

"போட்டிருக்கான். ஆனா எல்லாம் தப்பு. முப்பத்தெட்டுப் பிழை திருத்தியிருக்கேன்."

"பிழையை நீங்க வெச்சுக்குங்க. விஷயம் என்ன?"

புரூஃப்காரர் சின்னவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். காது சிவந்திருந்தது. "ஒரு வரி வாய்விட்டுப் படிக்கற மாதிரி இல்ல. தம்பி சம்சாரம் நிக்குது."

"அப்படி என்ன எழுதியிருக்கான்?"

அவர் தாளை மனைவி பக்கம் நகர்த்தி, சிவப்பால் அடித்திருந்த வரியைக் காட்டிவிட்டு எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். பெரியவள் கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டினாள். "தட்டு... நிர்... வாணமாக இருக்கட்டும்."

ஒரு நொடி. பிறகு சின்னவள்தான் முதலில் வெடித்தாள். முந்தானையை வாயில் அடைத்தும் அடங்கவில்லை. பெரியவளும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்ததில் மாவுக்கட்டுக் கை அசைந்து வலிக்க, "ஐயோ, ஐயோ" என்று வலியிலும் சிரித்தாள். "இதுக்கா மனுஷன் காலையிலேர்ந்து வாயைத் திறக்கலை!"

"அக்கா... அக்கா, இருங்க." சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெறும் தட்டா இருக்கணும்கிறான். நீங்க வெண்ணெய் தடவியிருக்கீங்க. வழுக்கற தட்டுல மாவு எப்படிப் பிடிச்சு நிக்கும்?"

"வெண்ணெய் தடவாத தட்டை நான் ஆயுசுல அடுப்புல வெச்சதில்லடி. அடியில பிடிச்சுக்குமே."

"மாவுக்குள்ளதான் அவ்வளவு வெண்ணெய் இருக்கே. ஒரு தடவை பாத்துடுவோம்."

தட்டைக் கழுவி, துடைத்து, குளிர்ந்த தண்ணீரில் காட்டி, ஈரம் போகத் துடைத்து வைத்தார்கள். சூடான தட்டிலும் மாவு இளகிப் பிடிக்காது என்பது சின்னவளுக்கே தோன்றியது. மெஷினை நிறுத்தினாள். அமுக்கினாள். எடுத்தாள். பூ பாதி தட்டில், பாதி மெஷினில்.

"இன்னொரு வரியும் அடிச்சிருக்கார் பாரு" என்றாள் பெரியவள். "பொத்தானை விட்டதும் அமைதி காக்கவும்."

சின்னவள் அதைக் கேட்டதும் மெஷினை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "தையல் மெஷின்ல இதேதான்க்கா. பெடலை விட்டாலும் சக்கரம் ஒரு சுத்து சுத்திட்டுத்தான் நிக்கும். அதுக்குள்ள துணியை இழுத்தா நூல் அறுந்துடும். இதுவும் பொத்தானை விட்டப்புறம் கொஞ்சம் தள்ளுது. அது நிக்கற வரைக்கும் காத்திருக்கணும்."

அமுக்கினாள். விட்டாள். உள்ளே மோட்டார் ஓய்ந்து அடங்குவது கைக்குத் தெரிந்தது. ஒரு மூச்சு விட்டு, நேராக மேலே தூக்கினாள்.

வெறுந்தட்டின் நடுவில் ஆறு இதழோடு ஒரு பூ உட்கார்ந்திருந்தது.

பெரியவள் குனிந்து பார்த்தாள். "நான் வைக்கிறேன், குடு" என்று இடது கையை நீட்டினாள். ஒரு கைக்கு மெஷின் கனத்தது. சின்னவள் குழலை மட்டும் அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி பொத்தான், ஒருத்தி குழல். அமுக்கு, விடு, பொறு, தூக்கு. இரண்டாவது தட்டில் கைகள் பழகிவிட்டன. மோட்டார் சூடேறினால் நிறுத்தி ஆறவிட்டார்கள். மாவு வெயிலில் தளர்ந்தால் ஐந்து நிமிஷம் மட்டும் ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். வெளிச்சம் மங்குவதற்குள் இரண்டு டப்பாவும் நிறைந்துவிட்டன. கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, "மணி என்ன?" என்று சுவரைப் பார்த்தார். எட்டேகால். எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை இரண்டு பேரும் ஆளுக்கொரு டப்பாவாக எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனார்கள். வாசற்படியில் இறங்கும்போது எதிர்வீட்டுக்காரி பால் வாங்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் நின்றாள். தெரு முழுக்கக் கேட்கிற குரலில்தான் சொன்னாள். "அன்னிக்குப் பிஸ்கட்ல வந்த நூல் என் புடவையோடது. இவ மேல ஒரு தப்பும் இல்ல. கேட்டுக்குங்க." எதிர்வீட்டுக்காரிக்கு எந்த நூல், எந்த பிஸ்கட் என்று ஒன்றும் ஞாபகமில்லை. பால் செம்பைப் பிடித்தபடி முழித்தாள். சின்னவள், "வாங்கக்கா, நேரமாச்சு" என்று முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

டீக்கடைக்காரர் டப்பாவைத் திறந்தார். ஒரு பூவை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"என்னக்கா இது? அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணு போல இருக்கு. பாக்கெட்டைப் பிரிச்சு டப்பாவுல கொட்டிக் கொண்டாந்துட்டீங்களா?"

முன்பு என்றால் பெரியவள் அந்த இடத்தையே இரண்டாக்கியிருப்பாள். அன்று மாவுக்கட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கடிச்சுப் பாருங்கண்ணே" என்றாள் சின்னவள். "அப்புறம் பேசுங்க."

அவர் கடித்தார். மென்றார். கொஞ்சம் கொஞ்சமாக மெல்லுவது நிதானமாயிற்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜனங்களைப் பார்த்தார், பெரியவளைப் பார்த்தார்.

"கைமணம் மாறலை" என்றார். "ஆனா நடுவுல பள்ளம் இல்லையேக்கா. அதுல ஒரு சொட்டு டீயை விட்டுத் திங்கறதுக்குன்னே வர்றவங்க இருக்காங்க."

"பள்ளத்துக்கு இன்னும் நாலு வாரம் ஆகும்" என்றாள் சின்னவள். "எலும்பு கூடட்டும்."

அவர் சிரித்துவிட்டு, டப்பாவை ஜாடியில் கவிழ்த்தார்.

ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. உருட்டுகிற பழைய வேகம் மட்டும் அந்தக் கைக்குத் திரும்பவில்லை. மெஷின் பூ வைத்துக்கொண்டே போகும். பெரியவள் பின்னாலேயே பெருவிரலால் ஒவ்வொரு பூவின் நடுவிலும் பட்டும் படாமல் ஒரு அழுத்து அழுத்திக்கொண்டே வருவாள். தையல் மெஷின் ஜன்னலடிக்குத் திரும்பி வந்திருந்தது. முன்பு அஞ்சு மணி ஆகும் வேலை இப்போது நாலரைக்கே முடிந்தது. அந்த அரை மணியில் என்ன செய்வதென்று பெரியவளுக்கு முதலில் தெரியவில்லை. எழுந்தாள், துடைத்ததையே துடைத்தாள். பிறகு ஒருநாள் இரண்டு டம்ளர் டீயோடு வந்து, தையல் மெஷின் பக்கத்தில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கை முறிந்து கிடந்த நாட்களைத் தவிர, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பகலில் அவள் சும்மா உட்கார்ந்து சின்னவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒன்பது வருஷம் அந்த அரை மணி இருந்தது. என்ன பேசினார்கள் என்று கேட்டால் சின்னவளுக்குச் சொல்லத் தெரியாது. பெரியவளுக்குப் பாட்டு வாத்தியாராக ஆசை இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. சின்னவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் போனதைப் பற்றி, புருஷனிடம்கூடப் பேசாததை, அப்போதுதான் பேசினாள். மற்றபடி கத்தரிக்காய் விலை, எதிர்வீட்டு மருமகள், வெயில், மழை. இடையில் ஒரு மெஷின் மோட்டார் போய் இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகும் ஒன்று. வெண்ணெய் வாசனையும் புதுத் துணியின் கஞ்சி வாசனையும் கலந்து அந்த ஜன்னலடியில் நிற்கும். இப்போது இருக்கிற அடுக்குமாடி வீட்டில் சின்னவள் எந்த ஜன்னலடியில் நின்றாலும் அது வருவதில்லை.

வீட்டை விற்க வேண்டி வந்தது. பெரியவளையும் புரூஃப்காரரையும் மகன் தன் ஊருக்கு அழைத்திருந்தான். சாமான் ஏற்றுகிற அன்று ஆண்கள் இருவரும் பீரோ யாருக்கு, கட்டில் யாருக்கு என்று மரியாதையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்: நீ எடுத்துக்கோ, நீங்க எடுத்துக்கோங்க. சமையலறை காலியாகிவிட்டது. அடுப்பு இருந்த இடத்தில் சுவர் மட்டும் கறுத்திருந்தது. பெரியவள் எதிர்வீட்டில் வாங்கிய டீயை ஒரு டம்ளரில் எடுத்துக்கொண்டு வந்தாள். மீதி டம்ளரெல்லாம் மூட்டையில். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, அந்த ஒரு டம்ளரையே மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

வாசலில் டிரைவர் ஹாரனை அடித்தான். புரூஃப்காரர் நடைவரை வந்து குரல் கொடுத்தார். "எவ்வளவு நேரம்? லாரி நிக்குது!"

பெரியவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நிக்கட்டும்" என்றாள். "அரை மணி ஆகும்."